பழைய சிறு டிராக்டர்களில் இணைகருவிப் பொருத்திகள்

இணைகருவிப் பொருத்தி என்பது கலப்பை, பரம்புத் தகடு, தெளிப்பான், சுமைப் பெட்டி போன்ற கருவிகளை உழவு இயந்திரத்துடன் இணைப்பதற்குப் பயன்படும் உலோக அமைப்பு ஆகும். உழவு இயந்திரம் பொது வழக்கில் டிராக்டர் எனப்படுகிறது. பட்டறை வழக்கில் இப்பொருத்தி பிராக்கெட், ஹிட்ச் என்ற பெயர்களால் அறியப்படுகிறது. டிராக்டரை உருவாக்கிய நிறுவனமே அளிக்கும் பொருத்திகளும் உண்டு. பிற்காலத்தில் வேறு நிறுவனத்தாராலோ உள்ளூர்ப் பட்டறையாலோ செய்து மாட்டப்படும் பொருத்திகளும் உண்டு. இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. தோட்டங்களிலும் தோப்புகளிலும் பயன்படும் ஏறத்தாழ 25 குதிரைத்திறனுக்கு உட்பட்ட பழைய டிராக்டர்களில் அவை எவ்வாறு பொருத்தப்படுகின்றன என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டச் சூழலை முன்வைத்து இங்கு விளக்கப்படுகிறது.

ஒரு பொருத்தி எவ்வளவு தடிமனான இரும்பால் ஆனது என்பதே பொதுவாக முதலில் கேட்கப்படும் கேள்வி. ஆனால் டிராக்டரின் நிலைப்பையும் ஓட்டுநரின் உயிரையும் தீர்மானிப்பது விசை டிராக்டரில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் வந்து சேர்கிறது என்பதே ஆகும். தவறான இடத்தில் மாட்டப்பட்ட வலுவான பொருத்தி, சரியான இடத்தில் மாட்டப்பட்ட எளிய பொருத்தியைவிட ஆபத்தானது.

வரலாறு

தொடக்க கால டிராக்டர்கள் மாடுகளைப் போலவே கலப்பையைச் சங்கிலியாலோ இழுதண்டாலோ பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் பின்சக்கரங்கள் நின்றுவிடும். பொறி தொடர்ந்து இயங்குவதால் டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து, வண்டி பின்புறமாக ஓட்டுநரின் மேல் கவிழும். அமெரிக்காவில் ஹென்றி போர்டு உருவாக்கிய போர்டுசன் டிராக்டர் இத்தகைய விபத்துகளால் கெட்ட பெயர் பெற்றது.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் (1884 - 1960). 1917 இல் அயர்லாந்து வேளாண்மை வாரியம் டிராக்டர்களின் பயன்பாட்டை மேம்படுத்தும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அவர் தொடக்கத்தில் புதிய டிராக்டர் எதையும் உருவாக்கவில்லை. போர்டு மாடல் டி மகிழுந்தை மாற்றியமைத்துச் செய்யப்பட்ட டிராக்டருக்கும், பின்னர் போர்டுசனுக்கும் பொருந்தும் கலப்பைகளையும் இணைப்புகளையும் வடிவமைத்தார். அதாவது, இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் இணைப்பு முறையே பிறருடைய டிராக்டரில் மாட்டப்பட்ட ஒரு பொருத்தியிலிருந்துதான் வளர்ந்தது.

இம்முயற்சிகளின் முடிவில் உருவானது மும்முனை இணைப்பு. இரண்டு கீழ்த்தண்டுகளும் ஒரு மேல்தண்டும் கருவியை முக்கோணமாகப் பிடித்துக்கொள்ள, நீர்ம அழுத்த விசை அதனைத் தூக்கி இறக்கும். 1936 இல் பெர்குசன் - பிரவுன் டிராக்டரிலும், 1939 இல் போர்டு 9என் டிராக்டரிலும், 1946 முதல் பெர்குசன் டிஈ20 டிராக்டரிலும் இவ்விணைப்பு இடம்பெற்றது. 1953 இல் பெர்குசனின் நிறுவனம் மாசே - ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அவ்வழி வந்த மாசே பெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் இந்தியாவில் உருவாக்கத் தொடங்கியதால், தமிழ்நாட்டு உழவர்களுக்கு மும்முனை இணைப்பு அறிமுகமானது.

சிறு டிராக்டர்களின் வரலாறு சற்று வேறானது. பெங்களூரில் 1967 இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம், சப்பானின் மிட்சுபிசி நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் முதலில் பவர் டில்லர்களையும் பின்னர் 18.5 குதிரைத்திறன் கொண்ட மிட்சுபிசி சக்தி எம்டி 180டி என்ற நான்கு சக்கர இயக்க டிராக்டரையும் உருவாக்கியது. இந்நிறுவனத்திற்கு ஒசூரிலும் ஓர் ஆலை உண்டு. 2004 பிப்ரவரி 9 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஒசூர் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது.

தருமபுரி மாவட்டச் சூழல்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பெரும்பகுதி மழையை நம்பிய செம்மண் நிலம் ஆகும். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு, மஞ்சள், தக்காளி, மா, மல்பெரி ஆகியன இங்கு விளைவிக்கப்படுகின்றன. தருமபுரி நகரில் உள்ள அரசு பட்டுக்கூடு விற்பனை அங்காடி இம்மாவட்டத்தில் மல்பெரி பெற்றுள்ள இடத்தைக் காட்டும்.

இப்பயிர்களின் வரிசை இடைவெளியே எந்த டிராக்டர் நுழையலாம் என்பதை முடிவு செய்கிறது. சிறு டிராக்டரின் மொத்த அகலம் பெரும்பாலும் 1 மீட்டரை ஒட்டியோ அதைவிடச் சற்று மிகுந்தோ இருக்கும்.

- மல்பெரி: இணை வரிசை முறையில் 90 செ.மீ., 150 செ.மீ. என மாறி மாறி இடைவெளி விடப்படுகிறது. 150 செ.மீ. சந்தில் சிறு டிராக்டர் செல்லும்.
- மரவள்ளி: 90 செ.மீ. இடைவெளியில் நட்ட பிறகு டிராக்டர் நுழைவது கடினம். நிலம் தயாரிக்கவும் கிழங்கு பிடுங்கவும் மட்டுமே அது பயன்படும்.
- கரும்பு: 150 செ.மீ. அகல வரிசை முறையில் மண் அணைக்கவும் களை நீக்கவும் சிறு டிராக்டர் பயன்படும்.
- மா: மரங்களுக்கு இடையே இடம் தாராளமாக இருப்பினும், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் செல்ல உயரம் குறைந்த டிராக்டரே ஏற்றது.

ஒரே டிராக்டர் ஓர் ஆண்டில் இவ்வாறு பல வேலைகளைச் செய்ய வேண்டியிருப்பதால் பல கருவிகள் தேவைப்படுகின்றன. பழைய டிராக்டரை இரண்டாம் கையாக வாங்கும் சிறு உழவருக்கு, அதனுடன் வந்த பொருத்தி தேய்ந்தோ காணாமலோ இருக்கலாம். அல்லது அவர் வாங்கிய கருவியின் அளவு டிராக்டரின் அளவோடு பொருந்தாமல் போகலாம். அப்போது அவர் வெல்டிங் பட்டறையை நாடுகிறார்.

இம்மாவட்ட மண்ணுக்கு மற்றொரு இயல்பும் உண்டு. செம்மண் நிலங்கள் பலவற்றில் சரளையும் புதைந்த பாறையும் உள்ளன. கொழு பாறையில் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சி, சீரான உழவின்போது ஏற்படும் விசையைவிடப் பன்மடங்கு மிகுதியானது. சுருள்வில் பொருத்திய ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை வகைகளில் வில் மடங்கி இவ்வதிர்ச்சியைத் தணிக்கும். வில் இல்லாத கலப்பையில் அது முழுமையாகப் பொருத்தியை வந்து தாக்கும்.

வகைகள்

பின்புற மும்முனைப் பொருத்தி: மும்முனை இணைப்பு இல்லாத, அல்லது அளவு மாறுபட்ட டிராக்டரின் பின் அச்சு உறையில் மாட்டப்படுவது. மிகுதியாகத் தேவைப்படுவது இதுவே.

இழுதண்டுப் பொருத்தி: டிரெய்லர் போன்று இழுத்துச் செல்லப்படும் கருவிகளுக்கானது. இதன் உயரமே முதன்மையானது.

முன்புறப் பொருத்தி: மண் தள்ளும் தகடு, முன் எடைக்கட்டிகள் ஆகியவற்றைத் தாங்குவது. தள்ளும் விசையை முன் அச்சுத் தாங்கி மட்டும் ஏற்றால் அது விரிசல் காணும். எனவே இருபுறமும் செல்லும் நீண்ட சட்டங்கள் வழியாக விசையைப் பின் அச்சு வரை கொண்டு செல்வது முறை. இச்சட்டம் துணைச்சட்டம் எனப்படுகிறது.

இடைப்பகுதிப் பொருத்தி: முன், பின் அச்சுகளுக்கு இடையே களைக்கொத்து, புல்வெட்டி ஆகியவற்றைத் தொங்கவிடுவது. தரை இடைவெளி குறைவதால் கற்கள் நிறைந்த நிலத்திற்கு ஏற்றதன்று.

மாற்றுப் பொருத்தி: டிராக்டரில் ஓர் அளவும் கருவியில் வேறு அளவும் இருக்கும்போது இரண்டுக்கும் இடையே மாட்டப்படும் சட்டம். இது கருவியைச் சில அங்குலமாவது பின்னுக்குத் தள்ளும். இதன் விளைவு கீழே விளக்கப்பட்டுள்ளது.

செந்தர அளவுகள்

மும்முனை இணைப்பின் அளவுகளைப் பன்னாட்டுச் செந்தரமான ஐஎஸ்ஓ 730 வரையறுக்கிறது. இந்தியச் செந்தரங்கள் பணியகம் வெளியிட்ட ஐஎஸ் 4468 இதே பொருள் பற்றியது. சிறு டிராக்டர்களுக்குத் தொடர்புடைய அளவுகள் பின்வருமாறு:

- வகை 0: மேல் முளை, கீழ் முளை இரண்டும் ஏறத்தாழ 16 மி.மீ. விட்டம். கீழ்ப் புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 500 மி.மீ. மிகச் சிறிய தோட்ட டிராக்டர்களுக்கான வழக்கு.
- வகை 1என்: மேல் முளை 19 மி.மீ., கீழ் முளை 22 மி.மீ., கீழ்ப் புள்ளிகளுக்கு இடையே 400 மி.மீ.
- வகை 1: மேல் முளை 19 மி.மீ., கீழ் முளை 22 மி.மீ., கீழ்ப் புள்ளிகளுக்கு இடையே 683 மி.மீ., மேல் - கீழ் உயரம் 460 மி.மீ.
- வகை 2: மேல் முளை 25 மி.மீ., கீழ் முளை 28 மி.மீ., கீழ்ப் புள்ளிகளுக்கு இடையே 825 மி.மீ., மேல் - கீழ் உயரம் 610 மி.மீ.

புதிதாகச் செய்யப்படும் பொருத்தி இவற்றுள் ஒன்றைப் பின்பற்றுவது உழவருக்கு நேரடியான நன்மை தரும். அண்டை வீட்டாரின் கலப்பையை வாங்கி மாட்டலாம். வாடகைக் கருவியைப் பயன்படுத்தலாம். டிராக்டரை விற்றாலும் கருவி பயனற்றுப் போகாது. பட்டறையில் தோராயமாக எடுக்கப்பட்ட அளவில் செய்த பொருத்தி அந்த ஒரு கருவிக்கே கட்டுப்பட்டுக் கிடக்கும்.

விசைகளும் நிலைப்பும்

டிராக்டரின் பின்னால் தொங்கும் எடை, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தை அச்சாகக் கொண்டு முன்சக்கரங்களைத் தூக்க முயலும். சிறு பிள்ளைகளின் ஏற்ற இறக்கப் பலகையின் தத்துவமே இது. முன்சக்கரங்கள் தரையை அழுத்தாவிட்டால் திருப்புவளையம் பயன்படாது. டிராக்டரின் வெற்று எடையில் குறைந்தது 20 விழுக்காடு முன்சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு டிராக்டரின் எடை 800 கிலோ, அச்சுகளுக்கு இடையே 1.4 மீட்டர், முன்சக்கரங்களில் உள்ள எடை 320 கிலோ எனக் கொள்வோம். விதிப்படி முன்சக்கரங்களில் 160 கிலோ எஞ்சியிருக்க வேண்டும்.

- 200 கிலோ கருவியின் ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 0.9 மீட்டர் பின்னால் இருந்தால், முன்சக்கரங்கள் இழக்கும் எடை 200 × 0.9 ÷ 1.4 = 129 கிலோ. எஞ்சுவது 191 கிலோ. இது போதுமானது.
- அதே கருவி ஒரு மாற்றுப் பொருத்தியால் 20 செ.மீ. பின்தள்ளப்பட்டால், இழப்பு 200 × 1.1 ÷ 1.4 = 157 கிலோ. எஞ்சுவது 163 கிலோ. எல்லையைத் தொட்டுவிட்டது.
- அங்கே 260 கிலோ கருவியை மாட்டினால் எஞ்சுவது 116 கிலோ மட்டுமே. முன் அச்சிலிருந்து 0.5 மீட்டர் முன்னால் ஏறத்தாழ 33 கிலோ எடைக்கட்டி மாட்டினால்தான் 160 கிலோவை எட்டலாம்.

இக்கணக்கு சமதரையில் நிற்கும் டிராக்டருக்கு உரியது. வரப்பு ஏறும்போதும் குழியில் குதிக்கும்போதும் கருவியின் விளைவு இரு மடங்காகவும் கூடும். எனவே எல்லையைத் தொடும் அமைப்பு பாதுகாப்பானதன்று.

கருவி பின்னே செல்லச் செல்லத் தூக்கும் திறனும் குறையும். நிறுவனங்கள் குறிப்பிடும் தூக்கு திறன் பொதுவாகக் கீழ் இணைப்புப் புள்ளிகளுக்கு 610 மி.மீ. பின்னால் அளக்கப்படுவது. கருவியின் மையம் அதற்கும் அப்பால் இருந்தால் குறிப்பேட்டில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இழுக்கும் கருவிகளில் உயரமே கவனிக்க வேண்டியது. அதே டிராக்டர் 400 கிலோகிராம் விசையோடு டிரெய்லரை இழுப்பதாகக் கொள்வோம். இணைப்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்சக்கரங்கள் இழப்பது 114 கிலோ. 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் 200 கிலோ. சுமை ஒன்றே, டிராக்டர் ஒன்றே, கொக்கியின் இடம் மட்டுமே மாறியது. மேல்தண்டு மாட்டும் துளையிலோ பின் அச்சுக்கு மேலான பகுதியிலோ சங்கிலியைக் கட்டி இழுப்பது உயிருக்கு ஆபத்தாவது இதனால்தான். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் அவசரத்தில் இத்தவறு எளிதில் நேரும்.

மும்முனை இணைப்பில் இவ்வாபத்து குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேல்தண்டையும் கீழ்த்தண்டுகளையும் முன்னோக்கி நீட்டினால் அவை டிராக்டரின் முன்பகுதியில் ஒரு புள்ளியில் சந்திக்கும். கருவி அப்புள்ளியிலிருந்து இழுக்கப்படுவது போலவே செயல்படும். உழும்போது மண்ணின் எதிர்ப்பு மேல்தண்டை முன்னோக்கி அழுத்துவதால் முன்பகுதி எளிதில் மேலெழுவதில்லை. பொருத்தி செய்பவர் மூன்று துளைகளின் இடத்தை மாற்றினால் இப்புள்ளியின் இடமும் மாறிவிடும்.

பொருத்தும் முறை

1. அளவெடுத்தல். டிராக்டரின் பின் அச்சு உறையில் ஏற்கெனவே உள்ள மரைத் துளைகளைக் கண்டறிய வேண்டும். அவை நிறுவனம் விசை தாங்குவதற்கென விட்ட இடங்கள் ஆகும். புதிய துளை இடுவது இறுதி வழியாகவே இருக்க வேண்டும். உறையின் உள்ளே பற்சக்கரங்களும் எண்ணெயும் உள்ளன.

2. அச்சுத் தகடு. கெட்டி அட்டையில் பொருத்தியின் வடிவத்தை வெட்டி, டிராக்டரில் வைத்துப் பார்த்த பின்னரே இரும்பை வெட்ட வேண்டும். கருவி மேலும் கீழும், இடமும் வலமும் முழுமையாக அசையும்போது சக்கரத்திலோ ஆற்றல் வெளியீட்டுத் தண்டின் உறையிலோ உரசாதிருப்பதை இக்கட்டத்திலேயே உறுதி செய்யலாம்.

3. தகடும் சட்டமும். இரண்டு பக்கத் தகடுகளையும் குறுக்குச் சட்டம் ஒன்றால் இணைக்க வேண்டும். தனித்தனியாக நிற்கும் தகடுகள் பக்கவாட்டு விசையில் விரியும். மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டினால் விரிசல் தொடங்குவது தவிர்க்கப்படும்.

4. முளைகள். அளவுக்கு உரிய, வெப்பப் பதனிட்ட முளைகளையே பயன்படுத்த வேண்டும். கட்டடத்திற்கு வாங்கிய முறுக்குக் கம்பியை வெட்டி முளையாகச் செருகும் பழக்கம் தவறானது. அதன் வரிப் புடைப்புகள் துளையை அராவி அகலமாக்கும்; அகன்ற துளையில் முளை ஒவ்வோர் அசைவிலும் சுத்தியல் போல் அடிக்கும். ஒவ்வொரு முளைக்கும் பூட்டு ஊசி இன்றியமையாதது.

5. பக்கச் சங்கிலிகள். கீழ்த்தண்டுகள் இருபுறமும் மிகையாக ஆடாமல் சங்கிலி அல்லது தண்டால் கட்டுப்படுத்த வேண்டும்.

6. இறுக்குதல். பொருத்தியின் தகடு உறையின் மேல் முழுமையாகப் படிய வேண்டும். வண்ணப்பூச்சு, துரு, எண்ணெய் ஆகியவற்றை நீக்கிய பின்னரே போல்ட்டுகளை முடுக்க வேண்டும்.

போல்ட்டும் பற்றவைப்பும்

போல்ட்டின் தலையில் உள்ள 8.8, 10.9 ஆகிய எண்கள் அதன் வலிமை வகையைக் குறிக்கும். எண் இல்லாத போல்ட்டைப் பொருத்திக்குப் பயன்படுத்தலாகாது. 8.8 வகையைச் சேர்ந்த 16 மி.மீ. போல்ட்டைப் பொதுவாக 200 நியூட்டன் மீட்டர் அளவிலும், 12 மி.மீ. போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் அளவிலும் முடுக்குவர். இது எஃகு நட்டுக்கு உரியது. வார்ப்பிரும்பு உறையின் மரையில் முடுக்கும்போது டிராக்டரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

300 கிலோ கருவி 80 செ.மீ. பின்னால் தொங்க, பொருத்தியின் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 20 செ.மீ. மட்டுமே இருந்தால், மேல் போல்ட்டுகளை இழுக்கும் விசை 300 × 80 ÷ 20 = 1,200 கிலோகிராம் ஆகும். 8.8 வகை 12 மி.மீ. போல்ட் ஒன்று ஏறத்தாழ 5,000 கிலோகிராம் விசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆகவே போல்ட் அறுவது அரிது. ஆனால் அது மாட்டப்பட்டிருக்கும் பழைய வார்ப்பிரும்பு உறையின் மரை அவ்வாறு தாங்கும் என்று சொல்ல இயலாது. போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கூட்டுவது, போல்ட்டைப் பெரிதாக்குவதைவிடப் பயன் தரும்.

இங்கு ஒரு கோட்பாடு கவனிக்கத்தக்கது. ஏதோ ஓர் உறுப்பு உடைந்தே தீர வேண்டுமெனில், அது விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய உறுப்பாக இருக்க வேண்டும். கொழுவைத் தாங்கும் முறி போல்ட் சில ரூபாயில் கிடைக்கும். பின் அச்சு உறை உடைந்தால், உதிரி உறுப்பு கிடைக்காத பழைய டிராக்டர் முழுவதும் பழைய இரும்பு விலைக்குச் செல்லும். முறி போல்ட் அடிக்கடி அறுகிறது என்று அதன் இடத்தில் கடினமான போல்ட்டைப் போடுபவர், உடையும் இடத்தை உறைக்கு மாற்றுகிறார்.

பொருத்தியை டிராக்டரின் உறையோடு நேரடியாகப் பற்றவைக்கலாகாது. வார்ப்பிரும்பு சீரற்ற வெப்பத்தில் விரிசல் விடும். அவ்விரிசல் உடனே வெளித் தெரியாது. பற்றவைப்பு முழுவதையும் பொருத்தியைக் கழற்றி வைத்தே செய்ய வேண்டும். விசை தாங்கும் இணைப்புகளுக்கு இ7018 போன்ற குறைந்த ஐதரசன் வகைப் பற்றவைப்புக் கம்பிகள் ஏற்றவை; அவற்றை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். வண்டியின் மீதே பற்றவைக்க நேர்ந்தால் மின்கல இணைப்பை அகற்றி, புவி இணைப்புக் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்திற்கு மிக அருகில் மாட்ட வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் தாங்குருளைகள் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

ஆற்றல் வெளியீட்டுத் தண்டு

பி.டி.ஓ. எனப்படும் ஆற்றல் வெளியீட்டுத் தண்டு ரோட்டவேட்டர், தெளிப்பான் ஆகியவற்றைச் சுழற்றுகிறது. இதன் பரவலான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்றுகள், அதாவது நொடிக்கு 9 சுற்றுகள். புதிய பொருத்தி கருவியைப் பின்தள்ளினால் நீளும் தண்டின் இரு குழாய்களும் ஒன்றினுள் ஒன்று புகுந்திருக்கும் நீளம் குறையும். முழுதும் நீண்ட நிலையிலும் மூன்றில் ஒரு பங்கேனும் உள்ளே இருக்க வேண்டும். இல்லையேல் சுழலும்போது தண்டு கழன்று வீசப்படும். தண்டின் மேலுள்ள நெகிழி உறையைக் கழற்றி எறிவது பரவலான தவறு. சுழலும் தண்டில் வேட்டி, துண்டு, சேலை நுனி ஆகியன சிக்கினால் கையை எடுக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

சோதனை

பொருத்தி மாட்டிய பின் கருவியைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தூக்கி, பொறியை நிறுத்தி, சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அது தானாக இறங்கினால் நீர்ம அழுத்த அமைப்பில் கசிவு உண்டு. கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. தூக்கி நிறுத்திய கருவிக்குக் கீழே கட்டை கொடுக்காமல் எவரும் நுழையலாகாது.

அடுத்து, குறைந்த ஆழத்தில், குறைந்த வேகத்தில் உழுது பார்க்கலாம். முதல் ஒரு மணி நேரத்திற்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் முடுக்க வேண்டும். ஏறத்தாழ 10 மணி நேர வேலைக்குப் பின் பற்றவைப்பு ஓரங்களைத் துடைத்து விரிசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வண்ணப்பூச்சில் தோன்றும் மெல்லிய துருக்கோடு பெரும்பாலும் விரிசலின் முதல் அடையாளம் ஆகும்.

சட்டமும் உதவி அமைப்புகளும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றி மாட்டக்கூடிய உழவுக் கருவி வேறு. வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டி நீட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

இந்தியாவில் டிராக்டர்களைச் சோதிக்கும் நடுவண் நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ளது. தென்னிந்தியாவிற்கான பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்திலுள்ள கார்லதின்னேயில் இயங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையம் தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் அமைந்துள்ளது. மாநில வேளாண்மைப் பொறியியல் துறை உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 2014-15 இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் வழியாக வாடகை மையங்கள் அமைக்கவும் மானியம் வழங்கப்பட்டது.

பொருத்துவதைத் தவிர்க்க வேண்டிய நிலைகள்

பின் அச்சு உறையில் ஏற்கெனவே விரிசலோ பழைய பற்றவைப்போ இருத்தல், தூக்கும் அமைப்பு தன் சொந்தக் கைகளையே நிறுத்தி வைக்க இயலாமை, நிறுத்துவிசை ஒரு சக்கரத்தில் மட்டும் பிடித்தல் ஆகிய குறைகள் உள்ள டிராக்டரில் புதிய பொருத்தியை மாட்டுவது முறையன்று. ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே தேவைப்படும் கருவிக்காகப் பொருத்தி செய்வதைவிட, அக்கருவியை டிராக்டரோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது செலவைக் குறைக்கும்.

பழைய சிறு டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் கவிழ்வுக் காப்புச் சட்டம் இல்லை. சுவீடன் 1959 இலேயே புதிய டிராக்டர்களில் அதனைக் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கு கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. காப்புச் சட்டம் இல்லாத டிராக்டரில், முன்சக்கரங்கள் தரையில் நிற்பதே ஓட்டுநருக்கு உள்ள காப்பு. டிராக்டர் பின்புறமாகக் கவிழத் தொடங்கிய பின் அது தலைகீழாவதற்கு ஓரிரு நொடிகளே ஆகும். எனவே பொருத்தியின் இடத்தையும் உயரத்தையும் பற்றிய முடிவு, வயலில் அல்லாமல் பட்டறையில், இரும்பை வெட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியதாகும்.

இவற்றையும் பார்க்க

- உழவு இயந்திரம்
- மும்முனை இணைப்பு
- ஹாரி பெர்குசன்
- பவர் டில்லர்
- திருப்புத்திறன்
- தருமபுரி மாவட்டம்